முப்பது நாள் பெட்டி

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

உடம்பு எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். படியேறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்லுது, மத்தபடி குறையில்ல.

போன் பண்ணினா முன்னாடி மணியாவது போகும். இப்ப அதுவும் இல்ல. அதான் பேப்பர். பேப்பரை ஆஃப் பண்ணி வைக்க முடியாது பாருங்க, கதவுக்கடியில வந்து விழுந்தா குனிஞ்சு எடுத்துத்தான் ஆகணும். பேசுற மாதிரியேதான் எழுதுவேன். உங்களை மாதிரி சுத்தமா எழுத எனக்கு வராது.

விடுதியில இப்ப நூத்திப் பதினாலு பொண்ணுங்க. வார்டன்னு பேரு, தண்ணி வரலைன்னாலும் நான்தான், பல்லி வந்தாலும் நான்தான்.

விஷயத்துக்கு வரேன். பாப்பா வேலை பார்த்த பேங்க்ல இருந்து மாசா மாசம் அஞ்சாம் தேதி எல்லா கஸ்டமருக்கும் ஒரு மெயில் வருமே, அதை எழுதுறதுதான் அவ வேலைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. வருஷத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதி மேலிடத்துல கையெழுத்து வாங்கிடணும்னு சொல்லுவா. ஜனவரியில அவ நம்மளை விட்டுப் போயிட்டா. பிப்ரவரி அஞ்சாம் தேதி மெயில் வருது. கீழ பேங்க் பேருதான், அவ பேரு இல்ல. ஆனா பெத்தவளுக்குத் தெரியாதா? மார்ச்சும் வந்தது, ஏப்ரலும் வந்தது. ஏப்ரல்ல, கணக்குக்கு நாமினி போடச் சொல்லி எழுதியிருந்தா. “உங்களுக்குப் பிறகு யார் என்று எழுதி வையுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. வெயில் அடிக்கும்போதே குடையைப் பையில் வைத்துக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.” பேங்க்ல எவன் இப்படி எழுதுவான்?

மூணையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன். மெஸ் மேனேஜர் பார்த்துட்டு, “என்னம்மா, பேங்க்காரன் லெட்டரை இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறீங்க, கல்யாணப் பத்திரிகையா?”ன்னு கேட்டார். “உங்களுக்கு வர்றதெல்லாம் மளிகைக்கடை பில்லு, உங்களுக்கு எங்க இதோட அருமை தெரியும்”னேன்.

மே மாசம் வரலை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துட்டேன். நீங்க மெயில் கம்பெனியிலேயே இருக்கீங்க. கொஞ்சம் என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க. தலைக்குக் குளிச்சா துவட்டிக்கிட்டு வெளிய போங்க.

அத்தை


ஜூன் 16 (அனுப்பாதது)

அன்புள்ள அத்தை,

நலம். சாப்பிடுகிறேன். கழுவ ஒரு தட்டுதான் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மே மாதக் கடிதம் உங்களுக்கு வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில், ஸ்பேம் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குள் போய் விழுந்தது. அந்தப் பெட்டியில் விழுவது முப்பது நாள்தான் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். மே ஐந்தாம் தேதி வந்தது, ஜூன் நான்காம் தேதி அழிந்துவிட்டது. நீங்கள் எனக்கு எழுதிய மறுநாள்.

அதை அங்கே போட்டது நான்.

எங்கள் வேலை, மோசடி மெயில்களைப் பிடிக்கும் வடிகட்டியைப் பார்த்துக்கொள்வது. ‘வங்கியிலிருந்து எழுதுகிறோம்’ என்று யாராவது தூண்டில் போட்டால் அது ஸ்பேமுக்குப் போகவேண்டும். எது தூண்டில் என்று வடிகட்டிக்குச் சொல்வது மனிதர்கள். நீங்கள் புகார் பட்டனை அழுத்தினால் அது ஒரு ஓட்டு. எங்கள் குழுவில் ஒருவர் அழுத்தினால் அது ஐந்நூறு ஓட்டு, எங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்.

பிப்ரவரியில் அந்த மெயில் முதலில் என் ஆபீஸ் பெட்டிக்கு வந்தது. முதல் வரி “எப்படி இருக்கிறீர்கள்?” என்று இருந்தது. மேலே படிக்கவில்லை. பட்டனை அழுத்தினேன். என்ன காரணம் என்று அது கேட்கும். ‘வேறொருவர் போல நடிக்கிறார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்தால் என் சொந்தப் பெட்டியிலும் அதே மெயில் இருந்தது. அங்கேயும் அழுத்தினேன். மார்ச்சில் இரண்டு. ஏப்ரலில் இரண்டு. ஆறு தடவை. ஏப்ரலோடு என் சொந்தப் பெட்டியை மூடிவிட்டேன். அதனால் அதில் ஒன்றையும் நான் படித்ததில்லை. குடை பற்றி எழுதியிருந்தாள் என்பது உங்கள் கடிதத்தில் பார்த்துத்தான் தெரியும்.

மே மாதத்திலிருந்து நான் அழுத்தத் தேவையில்லாமல் போய்விட்டது. வடிகட்டி கற்றுக்கொண்டது. இப்படி நலம் விசாரிக்கிற வங்கி, வங்கியே இல்லை என்று.

நாங்கள் சந்தித்ததே இந்தச் சண்டையில்தான் என்று அவள் உங்களுக்குச் சொன்னாளா? மூன்று வருடங்களுக்கு முன் அவர்கள் வங்கியின் மெயிலை எங்கள் வடிகட்டி தடுத்தது. பேச அவளை அனுப்பியிருந்தார்கள். உட்காரும் முன்பே, “உங்க மெஷினுக்கு மரியாதையே தெரியலையே, நல்லா இருக்கீங்களான்னு கேட்டா திருடனா?” என்றாள். “திருடன்தாங்க முதல்ல நலம் விசாரிப்பான். பேங்க் நேரா விஷயத்துக்கு வந்துடும்” என்றேன். “நீங்களும்தான் இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அப்ப நீங்க என்ன, பேங்க்கா?” என்றாள். அன்று அவளுக்காக வடிகட்டியைத் திருத்திக் கொடுத்தேன்.

பன்னிரண்டு கடிதங்களையும் எழுதி முடித்திருந்தாள் அத்தை. டிசம்பர் வரைக்கும். ஜூன் மாதக் கடிதம் ஐந்தாம் தேதி வந்து உங்கள் ஸ்பேம் பெட்டியில் இருக்கிறது. ஜூலை ஐந்து வரை இருக்கும். இதை இன்று தபாலில் போட்டால் பத்து நாளில் உங்கள் கையில் இருக்கும். நேரம் இருக்கிறது.


ஜூன் 19

அன்புள்ள அத்தை,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

மெயில் பற்றி விசாரிக்கிறேன். வங்கியில் ஏதாவது மாற்றியிருப்பார்கள். எங்களுக்கு இப்போது வேலை அதிகம்.

இங்கே மழை. துணி காய்வதில்லை. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 10

மாப்பிள்ளைக்கு,

உங்க லெட்டர் கிடைச்சது. பத்து வரி. எண்ணிட்டேன். பரவாயில்ல, பத்து வரியாவது வந்ததே. டாக்டரைப் பார்த்தேன். எடையைக் குறைக்கச் சொல்றார். நான் குறைச்சா முழங்கால் சந்தோஷப்படும், மெஸ் மேனேஜர்தான் மனசு உடைஞ்சு போயிடுவார்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜூன் மாசமும் வரல. ஜூலை அஞ்சும் போயிடுச்சு. பொறுக்கமாட்டாம நேத்து பேங்க்குக்கே நேரா போயிட்டேன். கவுண்டர்ல ஒரு தம்பி, கழுத்துல அட்டை மாட்டியிருந்தது. கேட்டேன். தட்டிப் பார்த்துட்டு, “அனுப்பியாச்சும்மா. சிஸ்டம்ல டெலிவர்டுன்னு காட்டுது”ன்னான்.

“சிஸ்டத்துக்குக் காட்டுது, எனக்குக் காட்டலையே.”

“ஸ்பேம்ல பார்த்தீங்களா?”

“அதைத் தொடக்கூடாதுன்னு எங்க மாப்பிள்ளை சொல்லியிருக்கார்.”

“சும்மா பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாது.”

“தம்பி, அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்கிற வேலையே எங்க மாப்பிள்ளைதான் பார்க்கிறார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?”ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.

ஆனா பஸ்ல வரும்போது யோசனையாவே இருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா, கல்யாணம் ஆன புதுசுல இங்க வந்திருந்தப்ப எனக்கு மெயில் போட்டுக் கொடுத்தீங்க. “இந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீங்க அத்தை. உள்ள இருக்கிறது பூரா திருட்டுப் பசங்க”ன்னீங்க. அன்னிக்கிருந்து நான் அந்தப் பக்கம் எலியை, அதான் அந்த மவுஸை, நகர்த்தினதே இல்ல. இப்ப ஒரு தடவை திறந்து பார்க்கவா? நீங்க சொன்னா திறக்கிறேன். சொல்லலைன்னா இல்ல.

துணி காயலைன்னா ஃபேனுக்கு அடியில போடுங்க. ஈரத்தோட போட்டுக்காதீங்க, சளி பிடிச்சுக்கும்.

அத்தை


ஜூலை 30

அன்புள்ள அத்தை,

நலம். சளி இல்லை. எடை விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதம் இருபதாம் தேதியே வந்தது. மேஜை மேல் வைத்திருந்தேன்.

நான்கு நாட்களாக எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது மாடியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார், போகிற வருகிற எல்லோரும் உட்கார. நேற்று நானும் உட்கார்ந்தேன். “உங்க வீட்டம்மாவை ரொம்ப நாளா காணோமே, ஊருக்குப் போயிருக்காங்களா?” என்று ஒருவர் கேட்டார். “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மெயில் விஷயம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றாகத் தூங்குங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 14

மாப்பிள்ளைக்கு,

லிஃப்ட் சரியாச்சா? மாடி ஏறினா தண்ணி நிறையக் குடிங்க.

ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னதுக்காக மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நானும்தான் சொல்லியிருக்கேன். புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி, “உங்க பொண்ணு என்ன பண்றாங்க மேடம்?”ன்னு கேட்டா. “பேங்க்ல இருக்கா”ன்னேன். வாயில அதான் வந்தது.

பெட்டியைத் திறக்கலாமான்னு கேட்டிருந்தேன், நீங்க ஒண்ணும் எழுதல. சரி, வேண்டாம்னு அர்த்தம்னு விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கணும். ஆகஸ்ட் அஞ்சும் வெறுமனே போயிடுச்சு. பேங்க்காரன் ஏதோ அனுப்பினேங்கிறான், அது என்னவோ. பாப்பா எழுதினது ஏப்ரல் வரைக்கும்தானோன்னு எனக்குத் தோணுது. அந்த டிசம்பர் மாசம் அவளுக்கு அடிக்கடி தலை வலிச்சதுன்னு சொன்னீங்களே. முடியாம பாதியிலேயே விட்டிருப்பாளோ? உங்க கண்ணு முன்னாடிதான உட்கார்ந்து எழுதினா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முடிஞ்சதுன்னா முடிஞ்சதுன்னு சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். மாசா மாசம் அஞ்சாம் தேதி காலையில சீக்கிரமே எழுந்து, குளிச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டு அந்த மெஷின் முன்னாடி உட்கார்றேன் மாப்பிள்ளை. எழுந்து போறப்ப கஷ்டமா இருக்கு.

பார்த்து இருங்க.

அத்தை


செப்டம்பர் 8

அன்புள்ள அத்தை,

நலம். லிஃப்ட் சரியாகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு. ஆமாம், ஏப்ரல் வரை இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். காத்திருக்க வேண்டாம்.

உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 22

மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நானும் இருக்கேன்.

சொன்னதுக்கு சந்தோஷம். தெரியாம இருக்கிறதுக்கு இது தேவலை.

இனிமே எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு? பொண்ணுங்க படிக்கிற அறையில கொண்டுபோய் வெச்சிடச் சொல்லியிருக்கேன். அவங்களாவது ஏதாவது பண்ணட்டும். உள்ள இருக்கிற என் மெயில் எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் வைக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அடுத்த மாசம் ஆறாம் தேதி ஆளு வர்றான். ஃபைல்ல மூணு இருக்கு, எனக்கு அது போதும்.

நீங்க சின்னப் புள்ள. முகத்தைத் தூக்கிவெச்சுக்கிட்டே இருக்காதீங்க. யாரோடயாவது பேசுங்க.

அத்தை


அக்டோபர் 2

அன்புள்ள அத்தை,

நலமா என்று கேட்க எனக்கு இன்று தகுதி இல்லை.

நீங்கள் போனை வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்பதால் இல்லை, எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால். எழுதுகிறேன்.

முதலில் நேற்று முன்தினம் நடந்தது. வங்கியிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தார். அவளுடைய இடத்துக்கு வந்தவர். ஒரு கட்டு புகார்களை மேஜை மேல் வைத்தார். “மாசக் கடிதத்தை யாரும் திறக்கிறதே இல்ல. அது போகட்டும். கார்டு மாத்தணும்னு நாங்க அனுப்புற மெயிலும் ஸ்பேமுக்குப் போகுது. போன வாரம் ஒரு அம்மா மருந்துக்கடையில நின்னு கார்டை நீட்டியிருக்காங்க, வேலை செய்யல. மூணு மெயில் அனுப்பியிருந்தோம். ஒண்ணும் அவங்க கண்ணுல படல” என்றார்.

எங்கள் டீம் லீடர் பதிவுகளைத் திறந்தார். எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தேடினார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஆறு புகார்லதான் இது கத்துக்கிட்டிருக்கு. ஆறும் ஒரே ஆளு.”

“யாரு?” என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

டீம் லீடர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று புரிந்தது. “நான்தான்” என்றேன். “எழுதினது என் மனைவி. படிக்க முடியல. அழுத்திட்டேன்.”

பிறகு அந்தப் பெண்மணி, “அவங்க நாற்காலியிலதான் நான் உட்கார்றேன்” என்று மட்டும் சொன்னார்.

மீதிக் கடிதங்களைக் கேட்டேன். அக்டோபரிலிருந்து புது நடையில் வேறு கடிதம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதாம். பழையதெல்லாம் வங்கியின் சொத்து, வெளியே கொடுக்க சட்டப்பிரிவு விடாது என்றார். “நான் படிச்சிருக்கேன். ரொம்ப நல்லா இருந்தது. ஆனா என் கையில இல்லீங்க” என்றார். வாடிக்கையாளர்களுக்குப் போன கடைசிக் கடிதம் செப்டம்பர் ஐந்தாம் தேதிக் கடிதம்.

என் ஓட்டின் எடையை எடுத்துவிட்டார்கள். இனி நான் அழுத்தினால், யாரோ ஒருவர் அழுத்தியது போலத்தான். வேலை இருக்குமா என்று அடுத்த வாரம் தெரியும்.

செப்டம்பர் கடிதம் உங்கள் ஸ்பேம் பெட்டியில் அக்டோபர் ஐந்து வரைதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நேற்று முன்தினம் ஒன்றும் செய்யவில்லை. நேற்று உங்கள் கடிதம் வந்தது. கம்ப்யூட்டரைத் துடைக்க ஆள் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தபால் பத்து நாள். எனக்கு மூன்று நாள்தான் மிச்சம். போனை அலமாரியில் அவளுடைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்திருந்தேன். அதில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இன்று காலை அதை எடுத்து சார்ஜில் போட்டேன்.

நீங்கள், “மாப்பிள்ளையா? என்னாச்சு? உடம்புக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் ஹெல்ப்லைன்காரன் மாதிரி, “கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா அத்தை? ஸ்பேம் பெட்டியைத் திறங்க” என்றேன்.

“திறக்கக்கூடாதுன்னு நீங்கதான...”

“திறங்க.”

நீங்கள் ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். லாட்டரி. மூட்டு வலித் தைலம். வெளிநாட்டு இளவரசன். “என் முழங்கால் இவனுக்கு எப்படித் தெரியும்?” என்று சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உங்கள் குரல் மாறியது.

“பேங்க்... செப்டம்பர் அஞ்சு. மாப்பிள்ளை, இது அவளுதா?”

“ஆமா.”

“மேல சிவப்பா ஏதோ பட்டை போட்டிருக்கு. ‘இதை அனுப்பியவர் வேறொருவர் போல நடிக்கிறார். ஆபத்தானது.’ யாரு என் பொண்ணை இப்படிச் சொன்னது?”

“நான்தான் அத்தை.”

நான், “கீழ ‘இது ஸ்பேம் இல்லை’ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க, அழுத்தினா அழியாது” என்று இரண்டு முறை சொன்னேன். அழுத்தினீர்களா என்று எனக்குத் தெரியாது. வைத்துவிட்டீர்கள்.

ஏப்ரல் வரைதான் எழுதினாள் என்று நான் சொன்னது பொய். டிசம்பர் வரை எழுதியிருந்தாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இந்த நான்கும் போய்விட்டன. மே மாதக் கடிதத்துக்கு நேரம் இருக்கவில்லை. மற்ற மூன்றுக்கும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் உங்கள் கடிதம் வந்தபோது அவை உங்கள் பெட்டியில் இருந்தன. ‘திறந்து பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஜூனில் உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதி, கவரில் போட்டு, தபால்தலையும் ஒட்டினேன். அதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை


அக்டோபர் 24

மாப்பிள்ளைக்கு,

உங்க ரெண்டு லெட்டரும் பன்னெண்டாம் தேதியே வந்திடுச்சு. பத்து நாள் பிரிக்காமலேயே வெச்சிருந்தேன். நீங்க மேஜை மேல வைக்கிற ஆளு, நான் மட்டும் என்ன.

கோபம் இருக்கு. இல்லைன்னு சொன்னா அதுவும் ஒரு பொய், நமக்குள்ள பொய் போதும். அவளோட நாலு லெட்டர். நான் புடவை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த நாலு காலை. அந்த மெஷினுக்குள்ளயே, ஒரு விரல் தூரத்துல இருந்திருக்கு, நான் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். இது லேசுல ஆறாது. நீங்க எதிர்ல இருந்தா கத்தியிருப்பேன். பேப்பர்ல கத்த எனக்குத் தெரியல. பேனாவை அழுத்தி எழுதினா பேப்பர்தான் கிழியுது.

போனை வெச்சது கோபத்துல இல்ல. போனையும் பிடிச்சுக்கிட்டு அந்தப் பட்டனையும் தேட முடியல. வெச்சுட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். சிவப்புப் பட்டை போயிடுச்சு.

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். மெஸ் மேனேஜர் உள்ள வந்தார், ஏதோ கிண்டல் பண்ண வாயைத் திறந்தார், என் மூஞ்சியைப் பார்த்துட்டு கதவைச் சாத்திட்டுப் போயிட்டார். அந்த மனுஷனுக்கும் இங்கிதம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன். கம்ப்யூட்டரைக் கொடுக்கல. துடைக்க வந்த ஆளை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன்.

அந்த ஜூன் மாச லெட்டர்ல, முதல் வரியைப் பார்த்ததும் அழுத்திட்டேன்னு எழுதியிருந்தீங்க. அதை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. நான் அவ எழுதினதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நீங்க ஒரு வரி தாங்க மாட்டேங்கிறீங்க. அந்த வீட்டுல நீங்க எப்படித் தனியா இருக்கீங்கன்னு அப்பதான் யோசிச்சேன். அதுவரைக்கும் யோசிக்கலை. எனக்குத்தான் போச்சு, எனக்குத்தான் போச்சுன்னு இருந்துட்டேன்.

செப்டம்பர் லெட்டரை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். காப்பி எடுத்தும் அனுப்ப மாட்டேன், போன்லயும் படிச்சுக் காட்ட மாட்டேன். வேணும்னா இங்க வந்து, என் எதிர்ல உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நீங்களே படிக்கணும். கத்த வேண்டியதையும் அப்பவே கத்திக்கிறேன்.

வேலை என்னாச்சுன்னு எழுதுங்க. ஒழுங்கா சாப்பிடுங்க, தட்டு ஒண்ணா இருந்தாலும் சாப்பாடு அரை வயித்துக்கு இருக்கக்கூடாது.

அத்தை


நவம்பர் 6

அன்புள்ள அத்தை,

நலமாக இருக்கிறீர்களா? நிஜமாகவே கேட்கிறேன்.

வேலை இருக்கிறது. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கூட்டமான அறை, எல்லோரும் சத்தமாகப் பேசுகிறார்கள்.

வருகிறேன் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வண்டியில் ஏறி, இறங்கி, உங்கள் ஆபீஸ் வரை வந்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவள் எழுதியதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், நான் தயாராகிக்கொள்ள. நீளமா, சின்னதா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை


நவம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கேன். நீளம்தான். நாலு நாள் லீவு சொல்லிட்டு வாங்க.

அத்தை